மிளகாய் மீது போட்ட பழி

“கேஸ்ட்ரிக்கா? காரத்தைக் குறைங்க. வயித்தைக் காய விடாதீங்க. படுக்கிறதுக்கு முன்னாடி ஒரு கிளாஸ் பாலும் நாலு பிஸ்கட்டும் எடுத்துக்குங்க.”

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ இந்த ஆலோசனையைக் கேட்காமல் நாற்பது வயதைத் தாண்டிய தமிழர் அரிது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்கிறார். மருந்துக்கடையில் சொல்கிறார்கள். வெளியே முப்பது பேர் காத்திருக்கும் கிளினிக்கில் டாக்டரும் சில வேளை இதையே சொல்லி அனுப்பிவிடுகிறார். கேட்டுக் கேட்டு இது ஊர்த் தீர்ப்பாகவே நிலைத்துவிட்டது. இந்தியர்களுக்கு நெஞ்செரிச்சல் கூடுதலாக வருவது நம் கறியாலும் மிளகாயாலும். காலி வயிறு அதைக் கிளறிவிடுகிறது. வயிற்றில் எதையாவது போட்டு வைத்தால் அடங்கிவிடும்.

இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. மிளகாயைப் பற்றி அது சொல்வது பெரும்பாலும் பிழை. காலி வயிற்றைப் பற்றிச் சொல்வது வேறொரு நோய்க்குப் பொருந்துவது. படுக்கும் முன் சாப்பிடச் சொல்வதோ நோயை வளர்ப்பது. இவற்றைவிடப் பெரிய தீங்கு ஒன்றும் இருக்கிறது: நெஞ்சில் எது எரிந்தாலும் கேஸ்ட்ரிக் என்று முடிவுகட்டும் பழக்கத்தால், மாரடைப்பு வந்தவரும் விடியும்வரை ஈனோ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

முதலில் நோய் எது என்று பார்ப்போம். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, பிறகு மூடிக்கொள்ளும். வெளிப்புறமிருந்து உதரவிதானமும் அதை இறுக்கிப் பிடித்திருக்கும். விழுங்காத நேரத்திலும் இந்த வளையம் அவ்வப்போது சில விநாடிகள் தானாகவே தளரும்; ஏப்பம் வெளியே வருவது அப்படித்தான். எல்லாருக்கும் நடப்பது இது. இரைப்பை உப்பிப் புடைத்திருக்கும்போது இந்தத் தளர்வுகள் அதிகமாகும். அந்த நேரத்தில் காற்றோடு அமிலமும் மேலே ஏறுவதுதான் எதுக்களிப்பு. இரைப்பையின் உட்சுவருக்கு அமிலத்தைத் தாங்கும் காப்பு உண்டு. உணவுக்குழாய்க்கு அவ்வளவு கிடையாது. அதனால் எரிகிறது, புளித்த நீர் தொண்டைக்கு வருகிறது. சிலருக்கு இரவு இருமலும் காலையில் கரகரத்த குரலுமாக வெளிப்படுகிறது.

இவர்களில் பெரும்பாலோருக்கு அமிலம் அளவுக்கு மீறிச் சுரப்பதில்லை. இருக்கக் கூடாத இடத்துக்கு அது வந்துவிடுகிறது, அவ்வளவுதான். கிளாஸ்கோ ஆய்வாளர்கள் 2001இல் இன்னொன்றையும் காட்டினார்கள். சாப்பிட்டு முடித்ததும் இரைப்பையிலுள்ள உணவு அமிலத்தின் வீரியத்தைக் குறைத்துவிடுகிறது. ஆனால் உணவுக்கு மேலே, அந்தத் தசை வளையத்துக்கு நேர் கீழே, உணவோடு கலக்காத அமிலம் ஓர் அடுக்காகத் தேங்கி நிற்கிறது. வளையம் தளர்ந்தால் முதலில் ஏறுவது அதுதான். ஆகவே எதுக்களிப்புக்கு அஞ்ச வேண்டிய நேரம், நிறையச் சாப்பிட்டு முடித்த பிறகு வரும் இரண்டு மூன்று மணி நேரம். வயிறு காய்ந்திருக்கும் நேரத்துக்கு இவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை.

வளையத்தின் மீது அழுத்தம் கூட்டுபவை எவை? தொப்பைக் கொழுப்பு. கர்ப்பம். வயிறு முட்டிய சாப்பாடு. இரைப்பையின் மேல்பகுதி உதரவிதானத்தின் துளை வழியே நெஞ்சுக்குள் நழுவும் குடலிறக்கம். வளையத்தைத் தளர்த்துபவை சிகரெட்டும் மதுவும். கொழுப்பான உணவு இரைப்பையை விட்டு இறங்க நேரம் பிடிப்பதால் புடைப்பு நீடிக்கிறது. இந்த இயக்கத்தில் மிளகாய்க்கு எங்கே இடம்?

மிளகாயைக் குற்றவாளி என்பவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் மூவின மக்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 1998இல் வெளிவந்தது. எதுக்களிப்பு அறிகுறிகள் இந்தியரில் 7.5 விழுக்காட்டினருக்கும், மலாய்க்காரரில் 3 விழுக்காட்டினருக்கும், சீனரில் 0.8 விழுக்காட்டினருக்கும் இருந்தன. இந்த இடைவெளியைக் காட்டித்தான் “பாருங்கள், கறி சாப்பிடுகிறவர்களுக்கு அதிகம்” என்கிறார்கள். சம்பால் இல்லாத மலாய்ச் சாப்பாடு உண்டா? மிளகாயைப் பெலாச்சானோடு அரைத்து, காலையில் பசியாறும் நாசி லெமாக்கிலேயே சேர்த்துக்கொள்ளும் மக்கள் அவர்கள். மிளகாய்தான் காரணமென்றால் நமக்கும் அவர்களுக்கும் இடையில் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் வர வழியில்லை.

கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் எண்டோஸ்கோப்பி செய்துகொண்ட நோயாளிகளை ஆராய்ந்து ரொசைடாவும் பேராசிரியர் கோ கியான் லீயும் 2004இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதிலும் இந்தியராயிருப்பது ஒரு தனிக் காரணியாகத் தெரிந்தது. கூடவே நின்ற காரணிகள் அதிக எடையும் மதுவும். அதே ஆண்டு வெளிவந்த வேறொரு மலேசிய ஆய்வு, நீண்டகால எதுக்களிப்பால் உணவுக்குழாயின் உட்சுவர் மாறிப்போகும் பாரெட் என்ற நிலையும் இந்தியரிடம் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. நம் ஆபத்து உண்மையானது. அதை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. காரணத்தைத் தவறான இடத்தில் தேடுகிறோம் என்றுதான் சொல்கிறேன்.

மிளகாய் வயிற்றைப் புண்ணாக்கும் என்ற நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஹூஸ்டனில் டேவிட் கிரஹாம் குழுவினர் ஆரோக்கியமானவர்களுக்குச் சப்பென்ற உணவு, காரமான மெக்சிகோ உணவு, ஆஸ்பிரின் சேர்ந்த உணவு என மாற்றி மாற்றிக் கொடுத்து, இரைப்பைக்குள் கேமராவை விட்டுப் பார்த்தார்கள். அரைத்த பச்சை மிளகாயை நேரடியாகவே இரைப்பைக்குள் செலுத்தியும் பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரியும் காயத்தை உண்டாக்கியது ஆஸ்பிரின்தான். 1988இல் அந்த ஆய்வு வெளிவந்தது. 1995இல் சிங்கப்பூரில் காங், இயோ ஆகியோர் அல்சர் இருந்த சீன நோயாளிகளையும் அல்சர் இல்லாதவர்களையும் ஒப்பிட்டார்கள். அல்சர் இல்லாதவர்களே மிளகாயை அதிகம் சாப்பிட்டிருந்தார்கள். மிளகாய் ஒரு பாதுகாப்போ என்று கேட்கும் அளவுக்கு அந்த முடிவு இருந்தது.

“அப்படியானால் மிளகாய் சாப்பிட்டதும் எனக்கு ஏன் எரிகிறது?” நியாயமான கேள்வி. மிளகாயின் காரப்பொருள் நரம்பு முனையில் சூட்டை உணரும் ஒரு வாயிலைத் திறக்கிறது. டேவிட் ஜூலியஸ் 1997இல் அந்த வாயிலை அடையாளம் கண்டார்; 2021இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். கொதிநீர் பட்டால் எந்த நரம்பு கத்துமோ அதே நரம்புதான் மிளகாய்க்கும் கத்துகிறது. உணவுக்குழாய் ஏற்கெனவே அமிலத்தால் புண்பட்டிருந்தால் அந்தக் கத்தல் இன்னும் உரக்கக் கேட்கும். ஆகவே எரிச்சல் இருக்கும் நாட்களில் காரத்தைக் குறைப்பது சரியே. தாய்லாந்து ஆய்வாளர்களும் நோயுள்ளவர்களுக்கு மிளகாய் எரிச்சலைக் கூட்டுவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் புண்ணில் உறைப்பது ஒன்று, புண்ணை உண்டாக்கியது இன்னொன்று. காரத்தை மட்டும் நிறுத்திவிட்டு, நோயை வளர்க்கும் பழக்கங்களை அப்படியே வைத்திருப்பவருக்கு எரிச்சலின் சத்தம் சற்றுத் தணியும். அமிலம் ஏறுவது நிற்காது.

டாக்டரே காரத்தைக் குறைக்கச் சொன்னாரே என்று கேட்கலாம். அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர் அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டி, எல்லா நோயாளிகளுக்கும் காரம், புளிப்பு, காப்பி, சாக்லேட் என்று ஒரே பட்டியலைக் கொடுத்து விலக்கச் சொல்வதைப் பரிந்துரைக்கவில்லை. எடையைக் குறைப்பது, படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்துவது, படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடிப்பது ஆகியவற்றைத்தான் முன்வைத்தது. 2022இல் திருத்தியபோது, அறிகுறியைத் தூண்டும் உணவுகளைத் தவிர்க்கலாம் என்று சேர்த்தார்கள். அதற்கான சான்று வலுவற்றது என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். உங்களுக்கு ரசம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ரசத்தை விடுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக நீங்கள் விட வேண்டியதில்லை.

சரி, நம்மிடம் கூடுதலாக இருப்பது என்ன? முதலாவது, சாப்பாட்டு நேரம். கிள்ளானில் குடியிருந்து கோலாலம்பூரில் வேலை பார்க்கும் ஒருவரின் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் எழுந்து கோமுட்டர் ரயிலையோ மோட்டாரையோ பிடிக்கிறார். காலையில் ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக். மதியம் கிடைத்ததைச் சாப்பிடுகிறார். மாலையில் ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் நகர்ந்து நகர்ந்து வீடு சேரும்போது எட்டு மணி ஆகிவிடுகிறது. குளித்து, சாமி கும்பிட்டு, பிள்ளையின் டியூஷன் முடிந்து எல்லாரும் உட்காரும்போது ஒன்பதரை, பத்து. பகல் முழுக்க அடக்கிய பசி அந்த ஒரு தட்டில் இறங்குகிறது. பதினொன்றுக்குப் படுக்கை. மணி ஒன்றுக்கு நெஞ்சு கரிக்க, எழுந்து உட்காருகிறார். காலையில் மனைவி கேட்கிறார், “நேத்து கறியில மிளகாத்தூள் அதிகமாயிடுச்சோ?”

அந்தக் கறியை எட்டு மணிக்கு முன் சாப்பிட்டிருந்தால் தொந்தரவு இல்லாமல் செரித்திருக்க வாய்ப்பு உண்டு. ஒசாகா ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணி நேரத்துக்கும் குறைவாக விட்டவர்களுக்கு, நான்கு மணி நேரமும் அதற்கு மேலும் விட்டவர்களைவிட எதுக்களிப்பு நோயின் வாய்ப்பு சுமார் ஏழு மடங்கு இருந்தது. மிளகாய்க்கு எதிராக இப்படி ஓர் எண்ணை யாரும் காட்டியதாக நான் படித்ததில்லை.

இரண்டாவது, இடுப்பு. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய வயது வந்தோரில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். இந்தியரில் அது 63.9 விழுக்காடு, மூவினத்திலும் மேலே நிற்பது நாம்தான். தொப்பைக் கொழுப்பிலும் அப்படியே. நம் உடல்வாகு கொழுப்பை வயிற்றைச் சுற்றியே சேர்க்கிறது. கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய அண்ணன்மார்களை நம் கோயில் மண்டபங்களில் எத்தனை பேரைப் பார்க்கிறோம்! அந்தப் பாரம் உட்காரும்போதும் குனியும்போதும் இரைப்பையை மேல்நோக்கி அழுத்துகிறது. அமெரிக்கத் தாதியர் சுமார் 10,500 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், எடை சாதாரண அளவுக்குள் இருந்த பெண்களுக்கும்கூட, கொஞ்சம் கூடியபோது எதுக்களிப்பு கூடியது. கணிசமாகக் குறைத்தவர்களுக்கு அது நன்றாகவே தணிந்தது. கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வாழை இலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், இலையில் மிளகு மட்டன் இருப்பதைப் பார்த்துத்தான் பயப்படுகிறோம். மூன்றாம் முறை சோறு போட வரும்போது இலையைக் கையால் மறைக்கத் தயங்குகிறோம். பயப்பட வேண்டியது அந்த மூன்றாவது சோற்றுக்குத்தான்.

நள்ளிரவு மாமாக் கடையைப் பற்றியும் பேச வேண்டும். 24 மணி நேர உணவகங்களுக்கு முடிவுகட்ட வேண்டும் என்று பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் 2024இல் குரல் கொடுத்தது, கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். இரவுச் சாப்பாடு நோயைக் கூட்டுகிறது என்பதில் சங்கத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் கடையை மூடுவது மருந்தாகாது. பந்து விளையாட்டு பார்க்க வந்து பன்னிரண்டு மணிக்கு மீ கோரேங் சாப்பிடும் இளைஞர் வீட்டுக்குப் போகலாம். போர்ட் கிள்ளானில் கொள்கலன் ஏற்றும் தொழிலாளியும், பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் பாதுகாவலரும், இரவுப் பணித் தாதியும், லோரி ஓட்டுநரும் எங்கே போவார்கள்? அவர்களில் நம்மவர் ஏராளம். கறியைக் குற்றம் சொல்வதால் யாருக்கு வசதி என்று யோசித்தால், நீண்ட பணிநேரத்தையும் இடைவேளையில்லாத ஷிப்டையும் யாரும் கேள்வி கேட்பதில்லை என்பது தெரியும். இரவு வேலைக்காரருக்குப் பொருந்தும் யோசனை வேறு. கனமான சாப்பாட்டை வேலை தொடங்கும் முன்போ நடுவிலோ முடித்துக்கொள்ள வேண்டும். காலையில் வீடு வந்து படுக்குமுன் சாப்பிடுவது சின்னதாக இருக்க வேண்டும். அதற்கு இருபது நிமிட இடைவேளை போதாது. முதலாளிகளிடம் கேட்டுப் பெற வேண்டிய உரிமை அது.

காலி வயிறு என்ற அடுத்த குற்றச்சாட்டுக்கு வருகிறேன். “விரதம் இருக்காதே, கேஸ்ட்ரிக் வந்துடும்” என்று புரட்டாசியிலும் தைப்பூசத்துக்கு முன்பும் எத்தனை வீடுகளில் கேட்கிறோம். ஜகார்த்தாவில் எதுக்களிப்பு நோயாளிகளிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், ரமலான் நோன்பு இருந்த காலத்தில் அவர்களுடைய தொந்தரவு குறைந்தது, கூடவில்லை. விரதத்தை முடிக்கும்போது ஒரேயடியாக நிரப்பிக்கொண்டு படுத்தால் பலன் போய்விடும் என்பது வேறு. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் விரதம் இருக்கக் கூடாது என்பதும் வேறு. எதுக்களிப்பு பசியால் வரும் நோயல்ல.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? சிறுகுடலின் தொடக்கத்தில் வரும் அல்சருக்கு அது பொருந்தும். அந்தப் புண் வயிறு காலியாக இருக்கும்போது வலிக்கும். சாப்பிட்டால் சற்று அடங்கும். அந்தப் புண்ணுக்குப் பெருங்காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. ஆஸ்திரேலியாவில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் அதைக் கண்டுபிடித்தார்கள். யாரும் நம்பாததால் மார்ஷல் 1984இல் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கண்டுபிடிப்புக்கு முன் உலகமே அல்சருக்குக் காரத்தையும் கவலையையும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தது. மலேசியாவில் இந்தக் கிருமி மலாய்க்காரரிடம் குறைவு, சீனரிடம் கூடுதல், இந்தியரிடம் அதைவிடக் கூடுதல் என்று மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. கிருமி இருக்கிறதா என்று மூச்சுப் பரிசோதனையிலோ மலப் பரிசோதனையிலோ எண்டோஸ்கோப்பியிலோ தெரிந்துகொள்ளலாம். இரண்டு வாரம் போல ஆன்டிபயாட்டிக் எடுத்து ஒழிக்கலாம். பத்து வருடமாகப் பிஸ்கட் தின்று அல்சரைச் சமாளிப்பவர்கள் இந்தப் பரிசோதனையைக் கேட்டிருக்கிறார்களா? அல்சருக்கு இன்னொரு காரணம் நம் வீட்டு மருந்து டப்பாவிலேயே இருக்கிறது. மூட்டுவலிக்கும் மாதவிலக்கு வலிக்கும் கேட்டு வாங்கிப் போடும் பொன்ஸ்தான், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் இரைப்பையை நேரடியாகப் புண்ணாக்குபவை. சாம்பாரில் மிளகாயை எண்ணிப் போடும் அம்மா, அந்த மாத்திரையை எண்ணுவதில்லை.

பாலும் பிஸ்கட்டும் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பால் இறங்கும்போது குளிர்ச்சியாக இருக்கிறது; பிறகு அதிலுள்ள புரதமும் கால்சியமும் இரைப்பையை மேலும் அமிலம் சுரக்கச் செய்கின்றன. படுக்கும்போது இரைப்பையை நிரப்புவது எதுக்களிப்புக்கு வழி திறந்துவிடுவதுதான். இந்த யோசனைக்கு ஒரு வரலாறு உண்டு. சிகாகோ மருத்துவர் பெர்ட்ராம் சிப்பி 1915இல் அல்சர் நோயாளிகளுக்கு மணிக்கொரு முறை பாலும் கிரீமும் கொடுக்கும் சிகிச்சையை முன்வைத்தார். பல பத்தாண்டுகள் உலக மருத்துவமனைகள் அதைப் பின்பற்றின. 1960இல் வெளியான ஓர் ஆய்வு, பால் சிகிச்சை பெற்ற அல்சர் நோயாளிகளிடம் மாரடைப்பு கூடுதலாக இருந்ததைக் காட்டியது. மருத்துவம் அதைக் கைவிட்டு எவ்வளவோ காலமாயிற்று. நம் சமையலறை இன்னும் கைவிடவில்லை.

தூங்கும் விதம் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இதற்குப் பணம் செலவில்லை. தலையணையை இரண்டு மூன்றாக அடுக்கினால் உடல் இடுப்பில் மடங்கி வயிறு இன்னும் அழுந்தும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு மரக்கட்டை வைத்து முழுப் படுக்கையையும் சரிவாக்க வேண்டும். இடது பக்கம் சாய்ந்து படுத்தால் இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே அமைகிறது. வலது பக்கம் படுத்தால் தலைகீழ்.

மருந்து விஷயத்திலும் ஊர் வழக்கம் பிழையாகவே நடக்கிறது. அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி வாங்கும் வெள்ளை மருந்தும், கடையில் வாங்கும் ஈனோவும் ஏற்கெனவே இருக்கும் அமிலத்தைச் சிறிது நேரம் முறிப்பவை. ஈனோவில் சோடியம் அதிகம். ரத்த அழுத்தக்காரர்கள் தினமும் குடிக்கக் கூடாது. கேவிஸ்கான் போன்றவை உணவின் மேலே மிதந்து, நான் முன்பு சொன்ன அந்த அமில அடுக்கை மூடுகின்றன. நோய் அடிக்கடி வருபவர்களுக்குத் தேவைப்படுவது அமிலச் சுரப்பையே குறைக்கும் ஒமெப்ரசோல், பேன்டோப்ரசோல் வகை. அதைப் பசியாறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, தினமும், பொதுவாக எட்டு வாரம் எடுக்க வேண்டும். நம்மவர்கள் அதை வலி வந்த பிறகு, சாப்பிட்டு முடித்துப் போட்டுவிட்டு, “மாத்திரை கேக்கல” என்கிறார்கள். வேறு சிலர் கிட்னி போய்விடும் என்று பயந்து பாதியில் நிறுத்துகிறார்கள். சுமார் 17,600 பேரை மூன்றாண்டு கண்காணித்து 2019இல் வெளியான பெரிய ஆய்வில், பேன்டோப்ரசோல் எடுத்தவர்களுக்கும் மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கும் இடையே குடல் தொற்று சற்றுக் கூடியதைத் தவிரப் பெரிய வித்தியாசம் இல்லை. இதைக் காட்டி ஆயுள் முழுக்கக் கேட்பாரில்லாமல் விழுங்கவும் கூடாது. நிறுத்தும்போது சில வாரங்கள் அமிலம் கூடிச் சுரக்கும். டென்மார்க்கில் நோயே இல்லாதவர்களுக்கு எட்டு வாரம் கொடுத்து நிறுத்தியபோது 44 விழுக்காட்டினருக்கு எரிச்சல் போன்ற தொந்தரவு வந்தது. நோய் திரும்பிவிட்டது என்று எண்ணி மறுபடி தொடங்காமல், டாக்டரிடம் கேட்டு மெல்லக் குறைப்பதே வழி.

விழுங்கும்போது தடை, காரணமில்லாத எடைக் குறைவு, தார் போன்ற கறுப்பு மலம், ரத்த வாந்தி, சோகை, ஐம்பதைத் தாண்டிய பிறகு முதன்முறையாக வந்த எரிச்சல் ஆகியவற்றில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை. எண்டோஸ்கோப்பி செய்தாக வேண்டும்.

இனி, எனக்கு மிகவும் கோபம் வரும் இடம். நடு இரவில் நெஞ்சு அழுத்துகிறது, வியர்க்கிறது, தாடையோ இடது கையோ இழுக்கிறது. வீட்டிலுள்ளவர்கள் “காத்து புடிச்சிருக்கு” என்று முதுகில் தைலம் தேய்க்கிறார்கள். ஈனோ கலக்கிக் கொடுக்கிறார்கள். ஏப்பம் வருகிறது, கொஞ்சம் லேசானது போல இருக்கிறது. “பாத்தீங்களா, கேஸ்ட்ரிக்தான்” என்று எல்லாரும் படுத்துவிடுகிறார்கள். அமில முறிப்பான் குடித்துத் தணிந்த வலி இதய வலியாக இருக்க முடியாது என்று எந்த மருத்துவ நூலும் சொல்லவில்லை. மாரடைப்பு வலியும் ஏறி இறங்கும். இந்த இரு வலிகளையும் மூளை எளிதில் பிரித்தறிவதில்லை. உணவுக்குழாயின் வலியும் இதயத்தின் வலியும் ஏறக்குறைய ஒரே நரம்புப் பாதைகளில்தான் போகின்றன.

இது நம் சமூகத்துக்கு ஏன் இரட்டை ஆபத்து? 2019ஆம் ஆண்டின் அதே தேசிய ஆய்வில் மலேசிய வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய். இந்தியரில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு. நீண்டகாலச் சர்க்கரை நரம்புகளை மழுங்கடிப்பதால் மாரடைப்பு கூர்மையான வலியாக வராமல் குமட்டல், மூச்சுத்திணறல், மேல்வயிற்று அசௌகரியம் என்று வேடமிட்டு வரும். பெண்களுக்கும் இப்படி வருவது அதிகம். அதே சர்க்கரை இரைப்பை காலியாவதையும் மந்தமாக்கி எதுக்களிப்பைக் கூட்டுகிறது. ஆக, இரண்டு நோயும் ஒரே ஆளிடம் இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. பத்து வருடம் கேஸ்ட்ரிக் இருப்பது பதினோராவது வருடம் மாரடைப்பு வராது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மலேசியாவின் இதயநோய்ப் பதிவேட்டில் இந்தியரின் பங்கு, நாட்டு மக்கள்தொகையில் ஏழு விழுக்காட்டை எட்டாத நம் பங்கைவிட மிக அதிகம். அடைபட்ட ரத்தக்குழாயைத் திறப்பதில் முதல் சில மணி நேரத்தில் கிடைக்கும் பலன் பிறகு கிடைக்காது. கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை இருக்கிறது. கோலாலம்பூரில் தேசிய இதய மருத்துவ நிலையம் இருக்கிறது. நாம் அங்கே போய்ச் சேருவதற்கு முன் இழக்கும் நேரத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. சந்தேகம் வந்தால் 999ஐ அழைக்க வேண்டும். பக்கத்து வீட்டுத் தம்பியின் காரில் சுருண்டு படுத்துப் போகக் கூடாது, தானே மோட்டார் ஓட்டிப் போகவே கூடாது.

கிளினிக்குகளுக்கும் ஒரு கடமை இருக்கிறது. நாற்பதைத் தாண்டிய, சர்க்கரையோ ரத்த அழுத்தமோ புகைப்பழக்கமோ உள்ள ஒரு தமிழர் நெஞ்சு கரிக்கிறது என்று வந்து உட்கார்ந்தால், வெள்ளை மருந்தை எழுதுவதற்கு முன் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். சில நிமிட வேலை அது. முதல் இ.சி.ஜி. சரியாக இருந்தாலும் அதுவே முடிவாகாது. வலி தொடர்ந்தால் மறுபடி எடுத்து, ரத்தத்தில் இதயத் தசையின் பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் பார்க்க மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இதயக் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகு, “காரம் சாப்பிடுவீர்களா?” என்பதற்குப் பதிலாக “ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், வலிக்கு என்ன மாத்திரை போடுகிறீர்கள்?” என்று கேட்க வேண்டும். கேட்காமல் சீட்டு எழுதத் தொடங்கினால், எதிரே உட்கார்ந்திருக்கும் நாம் அவற்றை நாமாகவே சொல்லி, “டாக்டர், இ.சி.ஜி. எடுத்துப் பாருங்க” என்று கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.